அட்டவணையில் ஒரு வரி: ஜி. என். ராமச்சந்திரனும் மேற்கோள் கணக்கும்

(வெண்ணந்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



தமிழ்நாட்டுக் கல்லூரி வாசல்களில் சில ஆண்டுகளாக ஒரு புதுவகை பிளெக்ஸ் பலகை தென்படுகிறது. உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் எங்கள் பேராசிரியர் இடம் பிடித்தார் என்று படத்தோடு போட்டிருப்பார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் ஐயோனிடிஸ் குழு 2019 முதல் வெளியிட்டுவரும் பட்டியல் அது. அதற்கு அடிப்படை மேற்கோள் கணக்கு. ஒருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை இன்னொருவர் தம் கட்டுரையின் கடைசியில் ஆதாரமாகக் குறித்தால் முதலாமவருக்கு ஒரு மேற்கோள் சேரும். கல்லூரி வட்டாரத்தில் இதைத்தான் சைட்டேஷன் என்கிறார்கள். வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஆய்வு நிதிக்கும் இன்று முதலில் கேட்கப்படுவது இந்த எண்தான்.

இந்தப் பேச்சு ஒரே ஒரு மனிதரைப் பற்றியது. புரத மூலக்கூறுகளின் வடிவத்தைச் சென்னை கிண்டியில் உட்கார்ந்து கண்டறிந்த கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன். இந்தியாவில் மூலக்கூறு உயிரியல் என்ற துறைக்கு அடித்தளம் போட்டவர்களுள் முதன்மையானவர். அவருடைய ஆய்வு வாழ்க்கையை வைத்துக்கொண்டு மேற்கோள் கணக்கைச் சோதித்துப் பார்க்கலாம். பேச்சின் கட்சி இதுதான்: ஒருவருடைய வேலையில் அவர் பெயரோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மேற்கோள் கணக்கு நன்றாகவே எண்ணும், எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட பகுதியை எண்ண அதற்குத் தெரியாது. ராமச்சந்திரனின் வேலையில் பெரும்பகுதி அப்படிக் கைமாறிப் போனதுதான்.

1. கணக்கு எதற்காகத் தொடங்கியது?

அமெரிக்காவில் வழக்கறிஞர்களுக்கு ஷெப்பர்டு என்ற பெயரில் ஒரு கையேட்டு வரிசை உண்டு. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன, எவை மறுத்தன என்று அதில் பார்க்கலாம். அறிவியல் கட்டுரைகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் சயன்ஸ் இதழில் எழுதினார். 1964-இல் பிலடெல்பியாவிலிருந்து அவருடைய நிறுவனம் அந்த அட்டவணையை வெளியிட்டது. ஒரு கருத்து எங்கிருந்து கிளம்பி எங்கே போனது என்று தேடிப் பிடிப்பதற்கான கருவி அது. ஆளுக்கு மதிப்பெண் போடும் பழக்கம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் எச்-இண்டெக்ஸ் என்ற ஒற்றை எண்ணைக் கொடுத்தபின் அந்தப் பழக்கம் வேரூன்றிவிட்டது.

நேச்சர் இதழ் 2014-இல் உலகிலேயே அதிக மேற்கோள் பெற்ற 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டது. முதலிடம் ஆலிவர் லோரி 1951-இல் எழுதிய கட்டுரைக்கு. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொல்வது. 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றது. அதை ஒரு பெரிய கட்டுரை என்று லோரியே கருதவில்லை. அந்த 100-க்குள் நுழையவே 12,000-க்கு மேல் மேற்கோள் தேவைப்பட்டது. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைச் சொன்ன வாட்சன், கிரிக் இருவரின் 1953 கட்டுரை அந்தப் பட்டியலில் இல்லை.

ஆக, ஆய்வுக்கூடத்தில் தினமும் கைக்கு வேண்டிய செய்முறை மேலே ஏறுகிறது. எல்லோரும் பள்ளியிலேயே படித்துவிடுகிற உண்மை கீழே இறங்குகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கிண்டிக்குப் போவோம்.

2. கிண்டிக்கு வந்த வழி

1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார் ராமச்சந்திரன். தந்தை கல்லூரியில் கணிதப் பேராசிரியர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்து, 1942-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே இருந்த சர் சி. வி. ராமன் அவரை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் 1947 முதல் 1949 வரை இருந்து முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், இயற்பியல் துறைக்கு ஒரு தலைவரைத் தேடிக்கொண்டிருந்தார். ராமன் கைகாட்டியது ராமச்சந்திரனை. 1952-இல், ஏறத்தாழ 30 வயதில், ஒரு துறையையே தொடங்கி நடத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. இன்றைய நடைமுறையில் அந்த வயதுக்காரர் விண்ணப்பத்தில் எண்களை நிரப்பிக்கொண்டிருப்பார். முதலியார் பார்த்தது ஆளை. கேட்டது ராமனின் மதிப்பீட்டை. இந்த முறையிலும் தவறு நேரலாம், வேண்டியவர்களுக்குக் கதவு திறக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் மதிப்பிடுபவர் அந்த வேலையைப் படித்திருந்தார் என்பதை மறக்கக் கூடாது.

3. மூன்று இழை முறுக்கு

அதே 1952-இல் படிகவியலாளர் ஜே. டி. பெர்னால் சென்னைக்கு வந்தார். கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கிப்பிடிக்கும் புரதம் அது. நம் உடலிலேயே மிக அதிகமாக இருப்பதும் அதுதான். கிண்டியில் துறைக்கு அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோலைப் பதப்படுத்துகிறவர்களுக்குக் கொலாஜன் அன்றாடப் பொருள். அங்கிருந்து கிடைத்தவற்றுள் கங்காரு வாலின் தசைநாண் எக்ஸ்-கதிர்ப் படத்துக்குத் தோதாக இருந்தது.

ராமச்சந்திரனும் மாணவர் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் நேச்சரில் ஒரு மாதிரியைக் கொடுத்தார்கள். 1955-இல் அதைத் திருத்தி முழுமையாக்கினார்கள். தறியும் நூலும் அறிந்த இந்த ஊருக்கு அதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. மூன்று இழைகளைத் தனித்தனியே ஒரு பக்கம் முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால் பிரியாத கயிறு கிடைக்கும் அல்லவா? கொலாஜனின் ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கம் சுருண்டிருக்கும்; மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் சுருளும். மூன்றும் நெருங்கும் நடு இடம் மிகக் குறுகல். அங்கே கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் மட்டுமே நுழைய முடியும். கொலாஜனில் மூன்றில் ஒன்று கிளைசினாக இருப்பது ஏன் என்ற பழைய புதிருக்கு அந்த மாதிரி விடை சொன்னது.

கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் இதே சிக்கலில் இறங்கினார்கள். மும்முறுக்கு சரி என்றார்கள். ஆனால் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று ராமச்சந்திரன் சொன்னதை மறுத்து, ஒன்றுதான் இருக்க முடியும் என்றார்கள். சென்னை மாதிரியில் சில அணுக்கள் இருக்கக் கூடாத அளவுக்கு நெருங்கியிருக்கின்றன என்பது அவர்கள் வாதம். ஒரு பிணைப்பு என்பதே இன்று ஏற்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது இடத்தில் தண்ணீர் மூலக்கூறு இடைநின்று பிணைக்கிறது என்று ராமச்சந்திரன் குழு பின்னர்த் திருத்திக்கொண்டது. 1994-இல் வெளிவந்த கொலாஜன் வகைப் பெப்டைடின் படிக அமைப்பில் மும்முறுக்கைச் சுற்றித் தண்ணீரின் வலைப்பின்னலே தெரிந்தது.

கணக்குப் புத்தகத்தில் இது எப்படி ஏறும்? பாராட்டினாலும் ஒரு மேற்கோள், மறுத்தாலும் ஒரு மேற்கோள். ஷெப்பர்டு கையேடு எடுத்தாண்டதையும் மறுத்ததையும் பிரித்துக் காட்டியது. கார்ஃபீல்டின் அட்டவணையில் அந்தப் பிரிவினை விழுந்துபோயிற்று. ஆனால் ராமச்சந்திரனின் வாழ்க்கையில் எந்தப் பாராட்டும் செய்யாததை இந்த மறுப்பு செய்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அதை யார் அளந்து பார்த்தார்கள்? யாரும் அளக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் அந்த வேலையில் இறங்கினார்.

4. வரைபடம்

அதுவரை வெளியாகியிருந்த அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் ஆகியவற்றின் படிக அமைப்புகளையெல்லாம் துழாவி, எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு அருகில் வந்திருக்கிறது என்று தொகுத்தார்கள். கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இவ்வளவு, ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இவ்வளவு என்று எல்லைகள் கிடைத்தன. வழக்கமான எல்லை ஒன்று, மிக நெருக்கிப் பிடித்தால் தாங்கக்கூடிய எல்லை ஒன்று என இரண்டு வகை வைத்துக்கொண்டார்கள்.

அடுத்து சங்கிலிக்கு வந்தார்கள். புரதச் சங்கிலியில் ஒவ்வொரு பெப்டைடு அலகும் தட்டையானது, திரும்பாது என்று வேதியியலாளர் லைனஸ் பாலிங் முன்பே காட்டியிருந்தார். அப்படியானால் ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் சங்கிலி திரும்புவதற்கு இரண்டே இடங்கள்தான் உண்டு: நடுக்கார்பனுக்கு முன்னால் உள்ள பிணைப்பு ஒன்று, பின்னால் உள்ளது ஒன்று. முன்னதன் கோணத்துக்கு ஃபை, பின்னதன் கோணத்துக்கு சை. ஃபையைக் கிடைமட்டத்தில் வைத்து, சையைச் செங்குத்தில் வைத்தால் ஒரு சதுரம் கிடைக்கிறது. ஒரு புரதச் சங்கிலியின் முதுகெலும்பு எடுக்கக்கூடிய எல்லா வளைவுகளும் அந்தச் சதுரத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

இனி ஒவ்வொரு புள்ளியாக எடுத்து, அந்தக் கோணங்களில் அணுக்கள் இடித்துக்கொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைச் செய்தவர் மாணவர் சி. ராமகிருஷ்ணன், பின்னாளில் நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் வேறு. மேசைக் கணக்குப் பொறியில் புள்ளி புள்ளியாகப் போட்ட கணக்கு அது. வி. சசிசேகரன் மூன்றாமவர். முடிவில் சதுரத்தின் முக்கால் பங்குக்கு மேல் விலக்கப்பட்ட பகுதியாகிவிட்டது. மிச்சமிருந்த சில தீவுகளுக்குள் பாலிங் சொன்ன ஆல்ஃபா சுருள் விழுந்தது, பீட்டா தகடு விழுந்தது, கொலாஜன் முறுக்கும் விழுந்தது.

எந்தப் பெரிய புரதத்தையும் எக்ஸ்-கதிரில் பார்க்காமல், அணுக்களின் பருமன் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இயற்கை எங்கே போகலாம் எங்கே போகக் கூடாது என்று எல்லை கட்டிய வேலை இது. இந்தியாவில் நடந்த அறிவியல் வேலைகளுள் இதைவிடச் சிக்கனமான, இதைவிட அழகான ஒன்றைச் சொல்வது கடினம். 1963-இல் ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜி இதழில் வெளிவந்தபோது கட்டுரை ஐந்தே பக்கம்.

5. அட்டவணையில் ஒரு வரி

பேச்சின் மையம் இங்கேதான் இருக்கிறது.

புரதங்களின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் உலகப் பொதுக் களஞ்சியமான புரோட்டீன் டேட்டா பேங்க் 1971-இல் ஏழு அமைப்புகளோடு தொடங்கியது. இன்று அதில் 2 லட்சத்துக்கும் மேல் உள்ளன. அங்கே புதிதாக ஒரு புரத அமைப்பைச் சேர்த்தால் சரிபார்ப்பு அறிக்கை ஒன்று தயாராகும். அந்த அறிக்கையில் ராமச்சந்திரன் வரைபடம் ஒரு கட்டாயச் சோதனை. புள்ளிகள் தீவுகளுக்கு வெளியே சிதறினால் அமைப்பில் எங்கோ தவறு இருக்கிறது என்று பொருள். நேச்சர் போன்ற இதழ்களில் புரத அமைப்புக் கட்டுரையோடு ஓர் அட்டவணை வரும். அதன் கீழ்ப்பகுதியில் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே விரும்பத்தக்க இடத்தில் இத்தனை சதவீதம், அனுமதித்த இடத்தில் இத்தனை, வெளியே இத்தனை என்று எண்கள்.

அந்த வரிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் மேற்கோள் எண் இருக்காது. கட்டுரையின் ஆதாரப் பட்டியலில் 1963-ஐத் தேடினாலும் கிடைப்பது அரிது. அங்கே இருப்பது வேறு பெயர்கள். லண்டனில் லாஸ்கோவ்ஸ்கியும் ஜேனட் தார்ன்டனும் தோழர்களும் 1993-இல் வெளியிட்ட புரோசெக், டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட்சன் குழு உருவாக்கிய மால்புரோபிட்டி. இவை ராமச்சந்திரன் சோதனையைக் கணினியில் செய்துகொடுக்கும் நிரல்கள். ஆய்வாளர் நிரலை ஓட்டுகிறார், நிரலை மேற்கோள் காட்டுகிறார். அந்த நிரல்கள் பல்லாயிரம் மேற்கோள் பெற்றன. லோரியின் அளவு முறை மேலே ஏறிய அதே படிக்கட்டு.

நிரல் எழுதியவர்கள் யாரையும் ஏய்க்கவில்லை. ராமச்சந்திரன் பெயரைத் தங்கள் கருவியிலேயே பொறித்து வைத்தவர்கள் அவர்கள். நன்றாகத் தீர்க்கப்பட்ட புரத அமைப்புகளில் இருந்த உண்மையான புள்ளிகளைக் கொண்டு தீவுகளின் கரைகளைத் துல்லியமாகத் திருத்தியவர்களும் அவர்களே. 1963 கட்டுரையும் 1968-இல் ராமச்சந்திரனும் சசிசேகரனும் எழுதிய நீண்ட மீள்பார்வைக் கட்டுரையும் ஆயிரக்கணக்கான மேற்கோள் பெற்றவைதாம். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று புலம்ப இடமில்லை. ஆனால் சோதனைக்கு உட்பட்ட அமைப்புகள் லட்சங்களில், மேற்கோள் ஆயிரங்களில். நடுவில் உள்ள இடைவெளியை எந்தக் குறியீட்டு எண்ணும் நிரப்புவதில்லை.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இந்த நிகழ்வை விவரித்திருக்கிறார். ஒரு கண்டுபிடிப்பு பொது அறிவோடு கலந்துவிட்டால் அதன் மூலத்தைச் சொல்லும் தேவை மறைந்துபோகிறது என்றார். மேற்கோள் கணக்கைத் தொடங்கிய கார்ஃபீல்டே இதை எடுத்துப் பேசினார் என்பதை நம் தரவரிசைக் குழுக்கள் கவனிக்க வேண்டும். கருவியைச் செய்தவருக்கு அதன் குறை தெரிந்திருந்தது.

2021-இல் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் புரத வடிவங்களைக் கணித்துக் காட்டியது. அதற்காக 2024-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அது கணித்துக் கொடுக்கும் வடிவங்களையும் ஆய்வாளர்கள் இதே சதுரத்தில் போட்டுத்தான் பார்க்கிறார்கள்.

6. ராம்-லக்

புரதத்தோடு அவர் நிற்கவில்லை. 1971-இல் அவரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு பொருளைப் பல திசைகளிலிருந்து எடுத்த நிழற்படங்களைச் சேர்த்து உள்ளே இருப்பதை மீட்டெடுக்க, ஃபூரியே மாற்றத்தின் சுற்றுவழி வேண்டாம், நேரான கணக்கே போதும் என்று அது காட்டியது. வானொலி வானியலில் பிரேஸ்வெல் என்பவர் 1967-இலேயே இதைப் போன்ற ஒன்றைச் செய்திருந்தார். மருத்துவப் படங்களுக்கு வழி திறந்ததில் ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் இருவரின் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. சி.டி. ஸ்கேன் கருவிகள் பல்லாண்டுக் காலம் இந்த வகைக் கணக்கில்தான் ஓடின.

இந்த மாவட்டத்தின் பொறியியல் மாணவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. மேட்லாப் நிரலில் படமீட்புக் கட்டளையைத் தட்டினால் இயல்பாக வரும் வடிகட்டியின் பெயர் 'ராம்-லக்'. ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் என்ற இரு பெயர்களின் சுருக்கம் அது. பயன்படுத்துகிறவர்களில் எத்தனை பேர் அந்த இருவரையும் மேற்கோள் காட்டுகிறார்கள்?

1956-இல் எஸ். ராமன் என்ற மாணவரோடு அவர் எழுதிய இன்னொரு கட்டுரை, அணுக்களின் அசாதாரணச் சிதறலைக் கொண்டு படிக அமைப்பைத் தீர்க்கும் வழியைச் சொன்னது. வெளிவந்தது பெங்களூருவின் கரண்ட் சயன்ஸ் இதழில். பிற்காலத்தில் அந்த வழியின் வாரிசுகளே உலகெங்கும் புரதப் படிகங்களைத் தீர்க்கும் முதன்மை முறைகள் ஆயின. இந்திய இதழில் வந்ததால் மதிப்பு குறைவு என்று இன்று ஒரு தேர்வுக்குழு அதை ஒதுக்கியிருக்கும்.

7. எதை எண்ணுவது?

எண்ணே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கும் நாட்டில், நெசவாளர் வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வரும் ஒரு பெண்ணுக்கு அவளுடைய கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோள் ஒரு பாதுகாப்பு. பரிந்துரைக்க ஆள் இல்லாதவருக்கு அந்த எண்தான் சாட்சி. மத்திய அரசு 2016 முதல் கல்வி நிறுவனங்களுக்காக வெளியிட்டுவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையும் கட்டுரை எண்ணிக்கையையும் மேற்கோளையும் பார்க்கிறது. அதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. கோளாறு எங்கே என்றால், எண்ணைப் பார்த்தபின் கட்டுரையைத் திறக்காமல் விடுவதில். 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உயிரணு உயிரியலாளர்கள் கூடி எடுத்த பிரகடனம் இதைத்தான் கேட்டது: இதழின் பெயரையும் எண்ணையும் வைத்து ஆளை மதிப்பிடாதீர்கள், வேலையைப் படியுங்கள்.

சில வேலைகளுக்குக் காலம் வேண்டும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவரான பின் மறுபடி மாணவராகி உயிரியல் படித்தவர். ஆசிரியப் பணிக்கு ஏறத்தாழ 50 பல்கலைக்கழகங்களுக்கு எழுதியும் இடம் கிடைக்கவில்லை. 1999-இல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்துக்குப் போனது, உயிரணுவுக்குள் புரதத்தை உருவாக்கும் ரைபோசோம் என்ற ஒரே சிக்கலில் நிலைத்து நிற்க இடம் கிடைக்கும் என்பதற்காக. 2000-இல் அமைப்பு வந்தது, 2009-இல் நோபல். ஆண்டுதோறும் எண் கேட்கும் நிர்வாகத்தின்கீழ் அந்த வேலை நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

சில வேலைகளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மேற்கோள் என்றால் என்னவென்றே தெரியாது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வரும் இரகத்தைக் காட்டில் ஊன்றி, கிழங்கைச் சவ்வரிசி ஆலைக்கு அனுப்பும் விவசாயி எந்தக் கட்டுரையிலும் அந்த ஆய்வாளரைக் குறிக்கப் போவதில்லை. அந்த நடவு எந்த அட்டவணையிலும் ஏறாது.

ராமச்சந்திரன் 1971-இல் பெங்களூருவில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1999-இல் படிகவியலின் உயரிய விருதான எவால்டு பரிசு வந்தது. மனைவி இறந்த துயரமும் பார்க்கின்சன் நோயும் அழுத்திய கடைசி ஆண்டுகள் சென்னையில் கழிந்தன. 2001 ஏப்ரல் 7 அன்று மறைந்தார். நோபல் கிடைக்கவில்லை. கிண்டியில் அவரிடம் படித்த கர்த்தா அமெரிக்காவின் பஃபலோவுக்குப் போய், 1967-இல் பெல்லோ, ஹார்க்கர் இருவரோடு சேர்ந்து ரைபோநியூக்ளியேஸ் நொதியின் அமைப்பைத் தீர்த்தார். சசிசேகரனும் சி. ராமகிருஷ்ணனும் பெங்களூருவில் ஒரு தலைமுறையை வளர்த்தார்கள். ஆசிரியரின் கணக்கில் மாணவரை எந்தப் பத்தியில் எழுதுவது என்றும் எண்ணிக்கைக்காரர்களுக்குத் தெரியாது.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கலாம். நாமக்கல் முட்டையின் வெள்ளைக்கருவில் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. 1965-இல் லண்டனில் டேவிட் ஃபிலிப்ஸ் குழு வடிவம் கண்ட இந்தக் கோழிமுட்டைப் புரதம்தான் உலகில் முதலில் அமைப்பு தெரிந்த நொதி. மொத்தம் 129 அமினோ அமிலங்கள். அதன் அணு இடங்கள் புரோட்டீன் டேட்டா பேங்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஃபை, சை கோணங்களைக் கணக்கிடப் பிளஸ் டூ கணிதத்தில் வரும் வெக்டர் போதும். ஒரு வரைபடத்தாளில் புள்ளிகளை வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை தீவுகளுக்குள் விழும். வெளியே தனியாக நிற்பவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டு, அவற்றில் எத்தனை கிளைசின் என்று சங்கிலியின் வரிசையில் தேடுங்கள். இந்தப் புரதத்தில் கிளைசின் மொத்தம் 12. அதனால் ஏன் வெளியே போக முடிகிறது, மற்றவற்றால் ஏன் போக முடியவில்லை என்பதற்கு விடை 1963-இன் அந்த ஐந்து பக்கங்களில் இருக்கிறது.